தூசு படிய முப்பது நாள்

ஒரு காரை எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் இரண்டே நிமிடத்தில் விட்டுவிட்டுப் போய்விடலாம். அதற்குப் படிவம் கிடையாது, கையெழுத்து கிடையாது, வரிசையில் நிற்க வேண்டியதும் கிடையாது. அதை எடுப்பதற்குத்தான் நான்கு மாடியில் ஓர் அலுவலகமும், அதில் ஒரு தனிப் பிரிவும், பிரிவுக்கு ஓர் இயக்குநரும், ஏறிப்போக ஒரு லிஃப்டும் இருக்கின்றன. லிஃப்ட் ஓடுவதில்லை. மற்றதும் அப்படித்தான்.

இந்த உலக உண்மை மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு ஐம்பத்து நாலு வயதுவரை தெரியாமலே இருந்தது. கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை, அங்கிருந்து கால்மணி நேர நடையில் சொந்த வீடு, வீட்டுக்கு ஒரே ஓர் இரும்பு கேட். ஆள் ஒல்லி, பேச்சு அதைவிட ஒல்லி. கெட்ட பழக்கம் என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான்: துடைப்பது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி இருக்கும். பேசிக்கொண்டே எதிராளியின் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றுவார், ஊதுவார், துடைப்பார், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், திரும்ப மாட்டிவிடுவார். மனைவியின் தொடை எலும்பு எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தபோதும், டாக்டரின் கண்ணாடி இவர் கையில்தான் இருந்தது.

மனைவி கடைப்படியில் வழுக்கி விழுந்து, தகடும் திருகாணிகளும் வைத்துத் தைக்கப்பட்டு, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, சக்கர நாற்காலியோடு வீட்டுக்கு வர வேண்டிய நாள் அது. காலையில் இவர் கேட்டைத் திறந்தார். எதிரே கார்.

ஒரு காலத்தில் நீலமாக இருந்த கார். முன் டயர் ஒன்றில் காற்றில்லை. மதிலை உரசுகிற மாதிரி, கேட்டின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. மதிலுக்கும் அதற்கும் இடையில் ஒன்றரைச் சாண் இடைவெளி. இவர் வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நகர்ந்து தெருவுக்கு வந்துவிட்டார். சக்கர நாற்காலிக்கு எக்குவதற்கு வயிறு இல்லையே.

"நாலு பேரை வச்சு காருக்கு மேல தூக்கி இந்தப் பக்கம் எறக்கிடலாமா?" என்று மனைவியிடம் போனில் கேட்டார்.

"நான் என்ன பீரோவா?" என்றாள் மனைவி.

ஆக, இரண்டே நாளைக்கு என்று சொல்லி, அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள்.

காவல் நிலையத்தில், "வண்டி காணாமப் போனாத்தான் எங்க வேலை. இது வந்துல்ல இருக்கு?" என்று சொல்லி, நான்கு மாடி அலுவலகத்துக்கு வழி காட்டினார்கள். அங்கே மூன்றாம் மாடியில் கைவிடப்பட்ட வாகனங்கள் பிரிவு. ஆறு மேஜைகள். ஒன்றில் மட்டும் ஆள் இருந்தார். அவர் எழுத்தர்.

"சார், என் வீட்டு வாசல்ல யாரோ காரைக் கைவிட்டுட்டுப் போயிட்டாங்க."

"கைவிட்டதுன்னு நீங்க எப்படிச் சொல்றீங்க?"

"யாருமே வரலையே சார். டயர்ல காத்துகூட இல்ல."

எழுத்தர் தலையைத் திருப்பி, காலியாகக் கிடந்த ஐந்து மேஜைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இங்ககூடத்தான் அஞ்சு பேர் வரல. அதுக்காக இந்தப் பிரிவைக் கைவிட்டுட்டாங்கன்னு சொல்லிடுவீங்களா?"

ஆமாம் என்று சொல்லலாம் எனக் கண்ணாடிக்காரருக்குத் தோன்றியது, அடக்கிக்கொண்டார்.

"வாயால சொன்னா எதுவும் செல்லாது. எழுத்துல வேணும்," என்றபடி எழுத்தர் ஒரு புத்தகத்தைப் பிரித்து ராகமாக வாசித்தார். "விதி ஆறு. வாகனத்தின் மேற்பரப்பில், முப்பது நாட்கள் தொடர்ச்சியாக, மனிதக் கையாலோ பிறவற்றாலோ கலைக்கப்படாத தூசு படிந்திருந்து, அதை ஆய்வாளர் கண்ணால் கண்டு சான்றளித்தால் மட்டுமே அவ்வாகனம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்."

"தூசா?"

"தூசுதான் சார் சாட்சி. மனுசன் பொய் சொல்லுவான். தூசு சொல்லுமா?"

"நானே நாலு பேரைக் கூப்பிட்டு கொஞ்சம் தள்ளிவிட்டுட்டா?"

"தள்ளினா நீங்க திருடன். முப்பது நாள் பொறுத்தா நீங்க புகார்தாரர். எது கௌரவம்னு நீங்களே யோசிங்க."

அவர் யோசித்துக்கொண்டே படியிறங்கினார். முப்பது நாள் என்ன, கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று மச்சானும் சொன்னார். மனைவிதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க அண்ணி நல்லவதாங்க. அதான் பிரச்சினையே. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை வந்து 'வலிக்குதா'ன்னு கேக்கிறா. வலிக்கலைன்னு சொன்னா மூஞ்சி வாடிப்போகுது. அவளுக்காகவே ரெண்டு தடவை வலிக்குதுன்னு சொல்றேன். எனக்கு என் வீட்டுக்கு வரணுங்க. என் ஜன்னல் ஓரத்துல படுத்துக்கணும்."

இதைக் கேட்டபோது அவர் காருக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். போன் இடது காதில். வலது கை என்ன செய்கிறது என்று அவர் கவனிக்கவில்லை. "வந்துடலாம்மா, வந்துடலாம்மா" என்று அவர் சொல்லி முடித்தபோது, காரின் முன்கண்ணாடி பளிங்கு மாதிரி இருந்தது. மஞ்சள் துணி கறுத்திருந்தது.

அது ஐந்தாம் நாள். வேறு யாராவது இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். இவர் நேர்மையான மனிதர். மூன்று மாடி ஏறிப்போய்ச் சொன்னார்.

"சொன்னது நல்லதாப் போச்சு," என்று எழுத்தர் மனமாரப் பாராட்டிவிட்டு, ஐந்தை அடித்து பூஜ்யம் என்று எழுதினார்.

அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். மஞ்சள் துணியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார். தெருவில் பார்த்தவர்கள், மனைவி ஊரில் இல்லாததால் மனிதர் எதையோ தொலைத்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். தூசு அழகாகப் படிந்தது. இருபதாம் நாளில் ஒரு பூனை ஏறி நடந்தது. விதியில் 'பிறவற்றாலோ' என்று இருப்பது ஞாபகம் வந்து, பூனையிடம் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டார். இருபத்தெட்டாம் நாள் மழை பெய்தது.

கழுவித் துடைத்த மாதிரி நின்றது கார். போனது போனதுதான் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் முப்பதாம் நாள் காலை தூசு ஆய்வாளர் வந்தார். கையில் ஓர் அளவுகோல், கழுத்தில் அடையாள அட்டை, மூக்கில் ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டார். கைரேகை, வியர்வை, எண்ணெய், என்றோ தெறித்த சுண்ணாம்பு. இரண்டு லென்ஸும் பாசி பிடித்த குளம் மாதிரி இருந்தன.

ஆய்வாளர் காரைச் சுற்றி வந்தார். குனிந்தார், நிமிர்ந்தார். "ஆகா! இதுவல்லவா தூசு!" என்றார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு சீரான தூசை நான் பார்த்ததே இல்ல. ஓரம் முதல் நடு வரைக்கும் ஒரே கனம்! நேத்துக்கூட நாலு வண்டி பார்த்தேன், எல்லாம் இதே தரம். ஊரே நல்லாத்தான் இருக்கு." சான்றிதழைக் காரின் மேல் வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கையெழுத்து விழ வேண்டியதுதான் பாக்கி. மனைவி அன்று சாயங்காலமே ஜன்னல் ஓரத்தில் படுத்திருப்பாள்.

"ஒரு நிமிஷம் சார்," என்றார் கண்ணாடிக்காரர்.

முப்பது வருடத் தொழில். கை நீண்டுவிட்டது. மஞ்சள் துணி இல்லாததால் சட்டை நுனியாலேயே, ஊதி ஊதி, அந்த இரண்டு குளத்தையும் தூர்வாரி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஆய்வாளரின் மூக்கில் மாட்டினார்.

ஆய்வாளர் கண்ணைக் கொட்டினார். கண்ணாடிக்காரரைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மரத்தில் இலைகள் தனித்தனியாக இருப்பதைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார்.

"அடேங்கப்பா, என்ன தெளிவு! ரொம்ப நன்றி சார்... இது என்ன, இந்த வண்டியில தூசே இல்லையே!"

பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார். வாய்க்குள் போகவிருந்த சோற்றைத் தன் கையாலேயே தட்டிவிட்ட கதையை அன்று போனில் கேட்ட மனைவி, "உங்களைக் கட்டிக்கிட்டு இருபத்தேழு வருஷமா என் கண்ணாடி மட்டும் சுத்தமா இருக்கு," என்றாள்.

மூன்றாவது முப்பது நாளை அவர் அறிவோடு அணுகினார். மழைக்கு என்ன மருந்து? தார்ப்பாய். படிகிறவரை படியட்டும், மேகம் கறுத்தால் மூடிவிடுவோம் என்று ஒரு தார்ப்பாய் வாங்கி, தூசின் மேல் படாதபடி நாலு மூங்கில் நட்டு, பந்தல் மாதிரி கட்டினார். எடுப்பாக இருந்தது. ஊரில் எந்தக் காருக்கும் அப்படி ஒரு வாழ்வு அமைந்ததில்லை.

ஆய்வாளர் வந்தார், கண்ணாடி இப்போதும் துல்லியம். பந்தலைப் பார்த்தார், மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். "யார் கட்டினது?"

"நான்தான் சார். தூசைக் காப்பாத்த."

"காருக்கு ஒரு கூரை போட்டிருக்கீங்க. இவ்வளவு அக்கறையாப் பார்த்துக்கிற ஆள் இருக்கும்போது, இதைப் போயி கைவிடப்பட்டதுன்னு நான் எழுதினா என் மனசாட்சி என்னைச் சும்மா விடுமா?"

எட்டு நாள் கழித்துப் பதிவுத் தபால் வந்தது. அந்த வாகனத்தின் 'பராமரிப்பாளர்' என்று அவர் அறிவிக்கப்பட்டிருந்தார். கீழே விதி பதினான்கு: பராமரிப்பாளர் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வாகனத்தின் கதவுகளைத் திறந்து, காற்றோட்டம் தந்து, உட்புறத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். மற்ற நாட்களில் இயக்குநரின் எழுத்து மூலமான உத்தரவின்றித் திறத்தல் குற்றம்.

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார். மனைவி கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறிக்கொண்டிருந்தாள். பிசியோதெரபி பெண் கற்றுக்கொடுத்திருந்த வித்தை அது: வழவழப்பான ஒரு பலகையைக் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் பாலமாகப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தபடியே சறுக்கிக்கொண்டு வந்துவிடுவாள். கால் தரையில் ஊன்ற வேண்டியதில்லை.

மச்சான் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை, கிணறு வெட்டப் போய் பூதத்தைத் தத்தெடுத்துட்டு வந்திருக்கீங்க!"

மனைவி கடிதத்தை வாங்கினாள். சுத்தமான கண்ணாடி வழியாக இரண்டு முறை படித்தாள்.

"என்னங்க, அந்தக் காருக்குப் பின்கதவு ரெண்டு பக்கமும் இருக்கா?"

"இருக்கு."

"கேட்டுப் பக்கத்துக் கதவைத் திறந்தா எங்க திறக்கும்?"

"கேட்டு உள்பக்கமா திறக்குது... அப்ப காரோட கதவு நேரா நம்ம வாசலுக்குள்ள..." அவர் நிறுத்தினார். வாய் திறந்தபடியே இருந்தது.

"அதைத்தான் கேட்டேன். பூட்டுக்காரரைக் கூப்பிடுங்க. செவ்வாய்க்கிழமை நான் வீட்டுக்கு வர்றேன்."

செவ்வாய்க்கிழமை பூட்டுக்காரர் வந்து, பராமரிப்பாளர் கடிதத்தைப் பயபக்தியோடு படித்துவிட்டு, ஒரு சாவி செய்துகொடுத்தார். "பின்கதவு ரெண்டுலயும் குழந்தைப் பூட்டு விழுந்து துருப்பிடிச்சுக் கெடக்கு. வெளியிலிருந்துதான் திறக்கும், உள்ளேருந்து திறக்காது. பார்த்துக்குங்க," என்றார். கண்ணாடிக்காரர் காரின் மேற்புறத்தை ஒரு முறையும் இருக்கையை மூன்று முறையும் துடைத்தார். இந்த முறை சட்டப்படி. பந்தல் அவிழ்க்கப்பட்டது. தெருப்பக்கம் நாற்காலி வந்து நின்றது. நாற்காலியிலிருந்து இருக்கைக்கு ஒரு பலகை, அந்தப் பக்கம் இருக்கையிலிருந்து இன்னொரு நாற்காலிக்கு இன்னொரு பலகை. மனைவி காரின் ஒரு கதவு வழியாக ஏறி, பின் இருக்கையில் சறுக்கி, மறு கதவு வழியாகத் தன் வீட்டுக்குள் இறங்கினாள். ஆறடிப் பயணம். அவள் விழுந்து தொண்ணூற்றாறு நாள் ஆகியிருந்தது.

"ஓட்டாத காருல ஏறி ஊர் வந்து சேர்ந்த முதல் ஆள் நான்தான்," என்றாள் ஜன்னல் ஓரத்தில் படுத்துக்கொண்டு. அவர் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். வேறு எதையோ துடைத்துக்கொள்வதற்கு அது ஒரு சாக்கு.

இதோடு விட்டிருந்தால் எல்லோரும் நன்றாக இருந்திருப்பார்கள். ஆனால் ஓர் அலுவலகம் செய்யாத வேலையைக்கூட மன்னித்துவிடலாம். செய்ததாக நினைத்துக்கொண்டு பாராட்ட வந்தால்தான் தாங்காது. அடுத்த வாரம் வியாழக்கிழமை இயக்குநரே வந்தார். 'சிறந்த பராமரிப்பாளர்' சான்றிதழ் கொடுக்க. பின்னால் எழுத்தர், ஆய்வாளர், ஒரு புகைப்படக்காரர்.

இயக்குநர் காருக்கு முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். கேட்டுக்கு உள்ளே மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, கார் ஜன்னல்கள் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நான் பொறுப்புக்கு வந்து பதினொரு வருஷம் ஆச்சு. இந்தப் பதினொரு வருஷத்துல, இந்த ஊர்ல ஒரு வண்டியைக்கூடக் கைவிடப்பட்டதா நாங்க அறிவிச்சதில்ல. ஒரு வண்டியைக்கூட எடுத்ததில்ல. இதுலேருந்து என்ன தெரியுது? கைவிடுற குணமே நம்ம மக்கள்கிட்ட கிடையாது! இழுவை வண்டி ஒண்ணு வாங்கினோம், இன்னிக்கு வரைக்கும் ஒரு கீறல் இல்ல. அப்படிக் காப்பாத்தி வச்சிருக்கோம். மக்கள் அலுவலகத்தைத் தேடி அலைஞ்ச காலம் போச்சு. இன்னிக்கு நானே வந்திருக்கேன். நிறுத்த இடம் கிடைக்கல. அடுத்த தெருவுல ஒரு வீட்டு வாசலை அடைச்சு என் காரை விட்டுட்டு வந்திருக்கேன். அந்த வீட்டம்மா ஒரு வார்த்தை பேசல. இதுதான் ஒத்துழைப்பு!"

ஆய்வாளர் கைதட்டினார். புகைப்படக்காரர், பயனாளியோடு ஒரு படம் வேண்டும் என்றார்.

"அம்மா, கொஞ்சம் வெளிய வாங்களேன்," என்றார் எழுத்தர்.

"மூணு மாசம் கழிச்சு இப்பதான் உள்ள வந்திருக்கேன் தம்பி. இனி வெளிய வரமாட்டேன். ஐயா உள்ள வரட்டும்."

இயக்குநர் ஒன்றரைச் சாண் இடைவெளியைப் பார்த்தார். தன்னையும் குனிந்து பார்த்துக்கொண்டார். இரண்டுக்கும் ஒத்துவராது. "கார் வழியாத்தான் வர்றதாமே? திறங்க. நான் சொல்றேன்," என்றார்.

எழுத்தர் சாவியை வாங்கித் தெருப்பக்கக் கதவைத் திறந்தார். சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்ட கண்ணாடிக்காரர், மறுபக்கக் கதவைத் திறப்பதற்காக வயிற்றை எக்கிக்கொண்டு இடைவெளி வழியாக உள்ளே வந்தார். இயக்குநர் குனிந்து ஏறிப் பின் இருக்கையில் உட்கார்ந்தார். பதினொரு வருடமாக, இயக்குநர் எந்தக் காரில் ஏறினாலும் கதவைச் சாத்துவது எழுத்தரின் கடமை. அவர் இப்போதும் முதுகை வளைத்து, மரியாதையாகச் சாத்தினார். உள்ளே பூட்டு 'டொக்' என்று விழுந்தது.

கண்ணாடிக்காரர் சாவியோடு கதவருகே போனார். மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். சாவி அவள் மடிக்குப் போய்விட்டது.

"இன்னிக்கு என்ன கிழமைங்க?"

"வியாழன்."

"விதி பதினாலு என்ன சொல்லுது?"

எழுத்தர் காரின் மேலாக எட்டிப் பார்த்தார். "அம்மா, ஐயாவே திறக்கச் சொன்னாரே!"

"வாயால சொன்னா செல்லாதுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? ஒரு குத்தம் நடந்துபோச்சு. ரெண்டாவது குத்தத்துக்கு நாங்க ஆளில்ல. எழுத்துல வாங்கிக் கொடுங்க, திறக்கிறோம்."

ஜன்னல் கண்ணாடி இரண்டு விரல்கடை இறங்கியிருந்தது. அந்தச் சந்து வழியாக எழுத்தர் ஒரு குறிப்பெழுதி உள்ளே நீட்டினார்: 'இயக்குநர் அவர்களை வெளியில் எடுக்க அனுமதி வேண்டப்படுகிறது.' இயக்குநர் பேனா எடுத்தார், எழுதினார், வெளியே தள்ளினார். எழுத்தர் பிரித்துப் பார்த்தார். ஓரத்தில், பதினொரு வருடப் பழக்கத்தில், 'பேசவும்' என்று எழுதியிருந்தது.

எழுத்தர் சந்தில் வாயை வைத்துப் பேசினார். இயக்குநர் சந்தில் காதை வைத்துக் கேட்டார்.

"முன்னுதாரணம் இருக்கா?" என்றார் உள்ளிருந்து.

"இல்லீங்க ஐயா."

"அப்ப நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? நாளைக்கு யாராவது கேட்டா நான்ல மாட்டிக்குவேன்!"

ஆய்வாளர் காரின் மேல் விரலால் கோடு இழுத்துப் பார்த்தார். "ஒன்பது நாள் தூசு இருக்கு. இன்னும் இருபத்தொரு நாள் ஐயா பொறுத்தா..." என்று ஆரம்பித்தார். உள்ளிருந்து வந்த குரலில் அவர் பாதியில் நிறுத்தினார். அது எந்த விதிப் புத்தகத்திலும் இல்லாத வார்த்தை.

ஒன்பது நிமிடத்தில் இழுவை வண்டி வந்தது. மஞ்சள் நிறம், கீறல் இல்லை. படிவம் இல்லை, தூசு இல்லை, முப்பது நாள் இல்லை. வந்தவர்கள் காரின் முன்பக்கத்தைக் கொக்கியில் மாட்டித் தூக்கினார்கள்.

"முதல்ல கதவைத் திறங்கப்பா!" என்று எழுத்தர் கத்தினார்.

"கதவு திறக்கிறது எங்க பிரிவு இல்ல சார். இழுக்கிறதுதான்."

கார் நகர்ந்தது. இயக்குநர் பின் இருக்கையில் சாய்ந்தபடி, மடியில் சான்றிதழோடு, கடைத்தெரு வழியாகப் பவனி போனார். பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் கை அசைத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்து வாசலில் ஒரு நீள்சதுரம் மட்டும் இருந்தது. காருக்கு அடியில் இவ்வளவு நாளும் யாரும் பார்க்காத, சுத்தமான தரை. மனைவி சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு கேட்டைத் தாண்டி அதன் நடுவில் போய் நின்றாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். திரும்ப உள்ளே வந்தாள். எந்தப் பலகையும் வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபால் வந்தது. கண்ணாடிக்காரர் நின்றுகொண்டே வாசித்தார். மீட்பு நடவடிக்கைப் பதிவேட்டில் 'இயக்குநர்: ஒன்று' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருப்பதாலும், வாகனம் பற்றி எந்தப் பதிவும் இல்லாததாலும், தங்கள் பராமரிப்பிலிருந்த வாகனத்தைத் தொலைத்தது குறித்து முப்பது நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும். இயக்குநரை இறக்கிவிட்ட கையோடு காரை எங்கே போட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். இரண்டு தெரு தள்ளி, ஒரு பல் டாக்டர் வீட்டு வாசலில். பல் டாக்டர் நேற்றுத்தான் மூன்று மாடி ஏறிவிட்டு வந்தார் என்று பூட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

"இப்ப என்னம்மா பண்றது?" என்றார் அவர். "திரும்பவும் நான் அந்தப் படி ஏறணுமா?"

மனைவி கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். படிக்கவில்லை. நாற்காலியை உருட்டிப்போய், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்த அலமாரியின் மேல்தட்டில், எழுத்துப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி விரித்து வைத்தாள்.

"அது அங்க இருக்கட்டும். தூசு படியட்டும். முப்பது நாள் கலையாம படிஞ்சா, கைவிடப்பட்ட கடுதாசின்னு அர்த்தம். விதி ஆறு."

அவர் அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேல்தட்டில் ஏற்கெனவே இலேசாக ஒரு படலம் தெரிந்தது. வலது கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

"என்னங்க," என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே. "கையைப் பின்னால கட்டிக்குங்க."